பரவாயில்லைக்கு எத்தனை மதிப்பெண்?

நாற்காலிமேல் ஏறி அகராதியின் மூன்றாம் தொகுதியை எடுக்கப் போனவர், அகராதியும் தானுமாகத் தரைக்கு வந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அகராதிக்கு அட்டை கிழிந்தது. அவருக்கு வலது தோள் இறுகிப்போனது. அட்டையை மறுநாளே ஒட்டிவிட்டார். தோள்தான் ஐந்து மாதம் ஆகியும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் மகள், தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே, வாரம் ஒரு நாள் வந்துபோகும் பிசியோதெரபிக்கு அவரைச் சேர்த்துவிட்டாள். அதிலும் மூன்று மாதம் ஓடிவிட்டது. இன்று பன்னிரண்டாவது முறை.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவர். அங்கே வைத்த பெயர் சிவப்புப் பேனா. ஓய்வு பெற்ற பிறகும் பேனாவை மூடவில்லை. மருந்துச் சீட்டு, மின்கட்டண அறிவிப்பு, அடுத்த வீட்டுக்காரர் கதவில் ஒட்டிய ‘நாய் ஜாக்கிறதை’ எதையும் விட்டுவைத்ததில்லை. பிழை இருந்தால் வளைத்துக் கோடு போடுவார். பிழையே இல்லாவிட்டால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைதான் இன்று ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தது.

காலையில் குளித்துவிட்டு வந்தவர், சீப்பை வலது கையில் எடுத்தார். கை நெஞ்சைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது, உச்சந்தலைக்கே போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை தலைக்குப் போயிடுச்சு போலிருக்கே.”

“ம்.”

“எட்டு மாசம் நான் சீவி விட்டேன். இனிமே எனக்கு அந்த வேலை மிச்சம்.”

“நீ சீவினதும் பரவாயில்லை” என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தார். அதற்கும் அதே வார்த்தைதான். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்பத்தைந்து வருஷமாகச் சம்பளமே மாறாத வேலைக்காரர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ‘நோயாளர் திருப்திப் பிரிவு’ என்று ஓர் அறை இருக்கிறது. அதற்குள் நோயாளர் யாரும் இதுவரை நுழைந்ததில்லை. திருப்தியும்தான். மகளுக்கு அங்கே வேலை. நோயாளிகள் நிரப்பிப் போடும் படிவங்களுக்கு வெளியாள்கள் மதிப்பெண் போட்டு அனுப்புவார்கள். கூட்டுத்தொகையைப் பார்த்து ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு.

அவளுக்கு மேலாளர் ஒருவர். போன வருஷம் இந்தப் பிரிவுக்கு ஏதோ விருது கிடைத்ததிலிருந்து சட்டையில் தங்கநிற நட்சத்திரம் குத்திக்கொண்டு திரிகிறார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரும் நட்சத்திரம்தான். நோயாளி எவரையும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. சதவிகிதத்தைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சல் சொல்லிவிடுவார்.

“மேடம், பிசியோ பிரிவோட அரையாண்டுக் கணக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அஞ்சு மணிக்குள்ள மேல போகணும்.”

அவள் தாளைப் பார்த்தாள். சிகிச்சையாளர்கள் இரண்டே இரண்டு பேர். ஒருவருக்குத் தொண்ணூற்றெட்டு. இன்னொருத்திக்கு அறுபத்தொன்று. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று விதி.

“அப்போ அவங்களுக்கு?”

“இந்த மாசத்தோட சரி. அந்த உம்மணாமூஞ்சிக்கு அறுபத்தொண்ணே ஜாஸ்தி. அவங்க சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?”

“அவங்ககிட்ட வர்றவங்க குணமாகிப் போறாங்களே சார்.”

“குணமாகறது டாக்டருங்க பாடு. திருப்திதான் நம்ம பாடு.”

தொண்ணூற்றெட்டு வாங்கியவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் அவர் கோபித்துக்கொள்வார். அவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் ஒத்தடம். தோளோ முழங்காலோ இடுப்போ, எது வந்தாலும் சூடான ஒத்தடப் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அவரிடம் பத்து மாதமாக வருகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். பத்து மாதமாக முழங்கால் மடங்கவில்லை. ‘என்ன தங்கமான மனுஷர்’ என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டிப் போவாள். ஒத்தடப் பையின் சூடு ஆறுவதற்குள் படிவத்தை நீட்டிவிடுவார். எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்று விரலால் காட்டவும் செய்வார்.

அந்தப் படிவத்தில் பத்துக் கேள்விகள். வண்டி நிறுத்த இடம் கிடைத்ததா, வரவேற்பறை குளிர்ச்சியாக இருந்ததா, திரைச்சீலை சுத்தமா, சிகிச்சையாளர் புன்னகைத்தாரா என்று போகும். கை தூக்க வந்ததா, கால் மடங்கியதா என்று ஒரு கேள்வி கிடையாது. விருது வாங்கிய படிவம் அல்லவா.

உம்மணாமூஞ்சி, சுருக்கமாக உம்மணா, படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். வலியோடும் கோபத்தோடும் எழுந்து போகிற ஆள்கள் அதைத் தொட மாட்டார்கள். ஆறு மாதத்தில் அவளுக்கு வந்தவை மொத்தமே பத்தொன்பது படிவங்கள்.

மகள் அவற்றைக் கட்டிலிருந்து உருவினாள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எட்டுப் படிவங்கள் நீல மையில் தாராளமாக இருந்தன. மீதிப் பதினொன்றும் சிவப்பு. தலைப்பில் ‘திருப்த்தி’ என்று அச்சாகியிருந்ததில் அதிகப்படியான ‘த்’தை மெல்லிய கோட்டால் அடித்து, ஓரத்தில் நீக்கற்குறி போடப்பட்டிருந்தது. பதினொரு படிவத்திலும் அதே ‘த்’, அதே கோடு. கீழே பத்துக் கேள்விகளுக்கும் ஒரே கட்டத்தில் குறி. பரவாயில்லை.

மனத்துக்குள் கணக்குப் போட்டாள். மிகவும் திருப்திக்கு ஐந்து, திருப்திக்கு நான்கு, பரவாயில்லைக்கு இரண்டு, அதிருப்திக்குச் சுழியம். ஒரே ஒரு மனிதர், ஒரு வாரம்கூடத் தவறாமல், அந்தப் பெண்ணின் கழுத்தில் கல்லைக் கட்டியிருக்கிறார். அந்த மனிதர் தனக்கு அப்பா. மணி மூன்று ஐம்பது. அவர் கீழேதான் இருப்பார். படிவத்தைப் பற்றி நோயாளியிடம் பேசக்கூடாது என்ற விதியை எழுதியவளே அவள்தான். மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினாள்.

கீழே சிகிச்சை அறையின் சுவரில் ஒரு மரப்பலகை அடித்திருக்கும். அதில் விரல் வைக்கிற அளவுக்குச் சின்னச் சின்னப் படிகள், ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை. தோள் இறுகியவர்கள் விரல்களை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். முதல் நாள் சிவப்புப் பேனா ஒன்பதில் நின்றுபோனார்.

“இருபத்தி மூணு” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. “இதுக்கு மேல வராது.”

“யார் சொன்னா?” என்றாள் உம்மணா.

“கை சொல்லுது.”

“கை பொய் சொல்லும். தோளைத் தூக்கி ஏமாத்தாதீங்க சார். கையை ஏத்துங்க.”

“வலிக்குதும்மா.”

“வலிக்கும்.”

விரல் இருபத்து நான்கில் போய் உட்கார்ந்தது. அவள் எண்ணைக் குறித்துக்கொண்டாள். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பாராட்டு விஷயத்தில் இரண்டு பேரும் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள். அதனாலேயே அவருக்கு அவளைப் பிடித்திருந்தது.

“இருபத்தெட்டு வரணும். வீட்ல தினம் மூணு வேளை” என்று சொல்லிவிட்டு, படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கும்போது மகள் உள்ளே வந்து படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

“அப்பா, எழுதாதீங்க. வெளிய வாங்க.”

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவத்தைக் கையோடு கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் அவர். மகள் உட்காரவில்லை.

“நீங்க எழுதிக் குடுத்த பதினோரு படிவத்தாலதான் அவங்க வேலை போகப்போகுது.”

“யார் வேலை?”

“உள்ள கை கழுவிட்டிருக்காங்களே, அவங்க.”

“நான் என்ன தப்பா எழுதினேன்? எல்லாத்துக்கும் பரவாயில்லைன்னுதானே போட்டேன்.”

“அதுக்கு அஞ்சுக்கு ரெண்டுதான்ப்பா.”

“ரெண்டா?” அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “அச்சகத்துல நான் ஒரு பக்கத்தைப் பாத்துட்டுப் பரவாயில்லைன்னு சொன்னா, அச்சுக் கோக்கறவன் அன்னிக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போவான். அதுக்கா ரெண்டு?”

“திருப்தின்னு போட்டிருக்கலாமே.”

“திருப்தின்னா போதும்னு அர்த்தம். எனக்கு இன்னும் நாலு படி பாக்கி இருக்கு. எப்படிப் போதும்னு போடுவேன்? மிகவும் திருப்தின்னு போடறவன் வீட்ல படுத்துக் கெடக்கணும், இங்க எதுக்கு வர்றான்?”

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆளைத் தெருவில் நிறுத்திவிட்டு இலக்கணம் பேசுகிற சரி. அவர் படிவத்தை இன்னொரு தடவை பார்த்தார். கோபம் இப்போது அதன்மேல் திரும்பியது.

“எந்த மடையன் இந்த வரிசை போட்டது? பரவாயில்லையைக் கொண்டுபோய் அதிருப்திக்குப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கான். தமிழ் தெரிஞ்சவன் செய்யற வேலையா இது?”

மகள் அந்த மூன்றாவது கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“நான்தான்” என்றாள்.

அம்மா பையின் பிடியை விட்டுவிட்டாள்.

“தலைமை அலுவலகத்துலேர்ந்து வேற மொழில வந்துச்சு. நான்தான் தமிழ்ல போட்டேன். மூணாவது கட்டத்துக்கு வார்த்தை தேடினேன். நல்லா இல்லைன்னு முகத்துல அடிக்கவும் கூடாது, நல்லா இருக்குன்னும் சொல்லக் கூடாது. கேட்டா உள்ள சுருக்குன்னு தைக்கணும். எனக்கு யோசிக்கவே வேண்டி இருக்கல.”

“என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமே. அந்த ‘த்’தையாவது எடுத்திருப்பேன்.”

“எடுத்துட்டு என்ன சொல்லியிருப்பீங்க?”

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பத்தாவது மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது. மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“சந்தோஷமாத்தாம்மா சொன்னேன்.”

“குளியலறைல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து நாற்காலியில் கழுத்துப் பட்டையோடு இருந்த ஆள் மட்டும், திரும்ப முடியாத கழுத்தைத் திருப்பப் பார்த்து வலியில் முகம் சுளித்தான்.

அம்மா அப்போதுதான் பேசினாள். கணவரைப் பார்த்துப் பேசவில்லை, மடியிலிருந்த பையைப் பார்த்துப் பேசினாள்.

“நீங்க பரவாயில்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு எனக்குப் புரிய பதினாலு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணுக்கு நீங்க குடுத்தது மூணு மாசம்.”

எட்டு மாதம் தலை சீவிவிட்டபோது அவள் கை எப்படி இருந்தது என்று அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கலாம். வந்தாலும் சொல்கிற ஆளா. பேனாவை எடுத்தார். பரவாயில்லை என்ற சொல்லைச் சுற்றி வளைத்தார். அங்கிருந்து முதல் கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி இழுத்து, ஓரத்தில் ‘இடம் மாற்றுக’ என்று எழுதி, கீழே முதலெழுத்துப் போட்டார். பிறகு பத்துக் கேள்விகளுக்கும் அதிலேயே குறி போட்டு நீட்டினார்.

“இப்ப சரியாயிடுச்சு. கொண்டுபோய்க் குடு.”

முப்பத்தெட்டு வருஷம் அவர் அம்புக்குறி போட்டால் உலோக எழுத்துகள் இடம் மாறின. உலகமும் அப்படித்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நட்சத்திரம் அந்தப் படிவத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“கிறுக்கின படிவம் செல்லாது மேடம்.” கூடைக்குள் விட்டார்.

“அப்போ பழைய பதினொண்ணும் செல்லாதுதானே? அதுலயும் திருத்தம் இருக்கு.”

“அதுல எழுத்துப்பிழைதானே திருத்தியிருக்கு. கட்டம் தெளிவா இருக்கு. அது செல்லும்.”

உதவுகிற கிறுக்கல் செல்லாது, கெடுக்கிற கிறுக்கல் செல்லும். விருது சும்மாவா கொடுப்பார்கள்.

“சார், படிவத்துலயே தப்பு இருக்கு. மூணாவது கட்டத்துல இருக்கற வார்த்தையை நல்லா இருக்குன்னு நெனச்சுக் குறி போடறவங்க இருக்காங்க. நாம அதைக் குறைன்னு கணக்கெடுக்கறோம்.”

“விருது வாங்கின படிவம் மேடம் இது.”

“வார்த்தை தப்பு சார்.”

“யார் போட்ட வார்த்தை?” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருடைய பேச்சை இப்படி முடித்தவர்.

“நான் போட்டது.”

“எழுத்துல குடுப்பீங்களா?”

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “குடுத்தா போன வருஷக் கணக்கு மொத்தமும் ஆட்டம் காணும். விருதைத் திருப்பிக் கேப்பாங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி உங்க நாற்காலிதான் ஆடும். ஒரு உம்மணாமூஞ்சிக்காக எதுக்கு மேடம்? கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க.”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபத்தைந்து. அவள் தன் மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பயமாகத்தான் இருந்தது. எழுதி முடித்து, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாத கணக்கின்மேல் கடிதத்தை வைத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படிக்கவில்லை. சட்டையிலிருந்த நட்சத்திரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இதையும் சேத்து மேல அனுப்பறதா, இது மட்டும் தொலைஞ்சு போறதான்னு நான் யோசிச்சுக்கறேன். நீங்க திங்கக்கிழமை என்னைப் பாருங்க. வந்தா.”

கீழே வராந்தாவில் இரண்டு பேரும் அதே நாற்காலிகளில் இருந்தார்கள்.

“எழுதிக் குடுத்துட்டேன்” என்றாள் மகள். “என்ன ஆகும்னு தெரியல. என் வேலையும் சேந்து போகலாம்.”

சிவப்புப் பேனா எழுந்து நின்று கையை நீட்டினார். பிரதியைக் கேட்கிறார். இந்த நேரத்திலும் மூடியைத் திறந்த பேனா மறு கையில் இருந்தது. மகள் கொடுத்தாள். அவர் படித்தார்.

‘படிவத்தின் மூன்றாம் கட்டத்துக்கு நான் இட்ட சொல், அதைச் சொல்கிறவர் மனத்தில் உள்ள பொருளைத் தரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த என் மனத்தில் இருந்த பொருளையே தந்தது. அந்தச் சொல்லை வைத்து ஒருவரின் திறமையை அளந்தது தவறு. பிழை என்னுடையது.’

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை ஓரத்தில் பேனா நின்றது, எழுதவில்லை. பிழை இல்லை. மூடியை மூடிப் பேனாவைப் பையில் போட்டார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ‘ப’வுக்கு ஒட்டின. அப்படியே நின்றன.

மூன்று தொகுதி அகராதி வைத்திருக்கிற மனுஷர். ஆபத்துக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

மகள் அவரைவிட ஒரு சாண் உயரம். அவர் வலது கையைத் தூக்கினார். நெஞ்சு, கழுத்து, கன்னம் என்று சுவர்ப் பலகையில் ஏறுகிற அதே வேகத்தில் அது ஏறியது. வலி முகத்தில் தெரிந்தது. நடுங்கி நடுங்கி மேலே போய் மகள் தலைமேல் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிகிச்சை அறைக் கதவு திறந்தது. உம்மணா தோளில் பையோடு வீட்டுக்குக் கிளம்பி வந்தாள். நின்று, அந்தக் கையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

“முழங்கை மடங்குது சார். நேரா வைங்க.”

அம்மாதான் கேட்டாள். “அடுத்த வாரம் நீங்க இருப்பீங்களாம்மா?”

உம்மணா ஒரு கணம் மாடிப்படியைப் பார்த்தாள். அவளுக்கும் விஷயம் எட்டியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

“நான் இருக்கேனோ இல்லையோ, இருபத்தெட்டாவது படி இருக்கும். அதைச் சுவத்துல ஆணி அடிச்சு வெச்சிருக்கு. தினம் மூணு வேளை, மறந்துடாதீங்க.”

அவள் சிரிக்காமலே படியிறங்கிப் போனாள். சிவப்புப் பேனா கையை எடுக்கவில்லை. மகள் தலைமேல் அதை வைத்தபடியே, முழங்கையை நேராக்கப் பார்த்தார்.